தனக்கு முன்பே மலையேறியவர்

அந்தப் பெண் எதற்குச் சிரித்தாள் என்பதுதான் அர்ச்சுனனுக்குப் பிடிபடவில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து, மேலேயிருந்து இறங்கி வந்த அவளுக்கும் அவள் பின்னால் வந்த பையனுக்கும் வழிவிடுவதற்காக அவர் வயிற்றை உள்ளே இழுத்துப் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு நின்றார், மரியாதையாகத்தான் நின்றார், அவள் "தேங்க் யூ அங்கிள்" என்றாள், முன்னால் போய்க்கொண்டிருந்த அவர் மனைவி தனபாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள், கண் விரிந்தது, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் தோள் குலுங்கியது. முதல் வேலையாக அவர் ஜிப்பைத் தொட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. மீசையைத் தடவினார், அதில் காலையில் பசியாறிய தோசை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். புதுசு, கடைக்காரன் மாட்டிய அட்டை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, ஒருவேளை அதற்கா, இருக்காது, ஒரு அட்டைக்குத் தோள் குலுங்காது. பின்புறம் ஏதாவது கிழிந்திருக்குமோ என்று தடவப் போனவர், பையன் இன்னும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, கையை இடுப்பில் வைத்து இயற்கையை ரசிப்பவர்போல மேலே அண்ணாந்தார். மேலே ஒரு குரங்கு உட்கார்ந்து இவரைப் பார்த்தது. அதுவாவது சிரிக்கவில்லை.

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளை அவர் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். காடியில் போகும்போது சன்னல் வழியாகப் பார்ப்பார், அவை அங்கேயே நிற்கும், அவர் இங்கேயே இருப்பார், இரு தரப்புக்கும் எந்தத் தகராறும் கிடையாது. நில அலுவலகத்தில் கிராணியாக, குமாஸ்தாவாக, இருந்த காலத்தில் இந்தப் புக்கிட் காப்பூர் மலை அவருக்கு ஒரு கோப்பு. கோப்பில் மலை தட்டையாக இருக்கும், யாரும் ஏற வேண்டியதில்லை. தூரத்திலிருந்து பச்சை மெத்தைபோலத் தெரியும் இந்தச் சனியன் கிட்டே வந்தால் கொழுக்கட்டை அச்சைக் கவிழ்த்த மாதிரி விளிம்பு விளிம்பாக, மழை அரித்து அரித்துப் பல் வைத்த பாறை, கை வைத்தால் கீறுகிறது, காலை வைத்தால் ஈர இலை வழுக்குகிறது, வேரைப் பிடித்தால் வேர் கையோடு வருகிறது. எங்கேயோ குகையிலிருந்து வவ்வால் நாற்றம் வேறு. இதற்குப் போய் மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து வருகிறார்களே என்று நினைத்தார், அதிலும் தனபாக்கியம் வருகிறாளே, மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்பாளே, இப்போது பாருங்கள், முன்னால் கயிற்றைப் பிடித்து ஒரு எட்டு, பாறையில் ஒரு எட்டு, சமையற்கட்டிலிருந்து கூடத்துக்கு வருகிறவள்போலப் போய்க்கொண்டிருக்கிறாள். அவள் முட்டி எந்த முட்டி? வீட்டு முட்டி வேறு, மலை முட்டி வேறா?

அவர் வந்தது உடம்புக்காக அல்ல. அதை அவர் தனக்குத்தானே ஒத்துக்கொண்டு கொஞ்ச நேரம்தான் ஆகிறது, அந்த முதல் கயிற்றில் தொங்கும்போது ஒத்துக்கொண்டார், தொங்கும் மனிதனுக்குப் பொய் தங்காது. பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு தனபாக்கியம், இந்திராணி என்ற ஓய்வுபெற்ற தாதி நடத்தும் மலையேறும் கூட்டத்தில் சேர்ந்தாள். சேரட்டும். ஞாயிறு தவறாமல் போனாள். போகட்டும். ஆனால் திரும்பி வந்து வாசல் படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கும்போது தானாகச் சிரிப்பாள். அதுதான். "என்னா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல." ஒரு தடவை மட்டும் "இந்த சியோங் இருக்காரே" என்று ஆரம்பித்தாள், ஆரம்பித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, "விடுங்க, உங்களுக்குச் சொன்னா புரியாது" என்று எழுந்து போய்விட்டாள். சியோங். பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார்போல அந்தப் பெயர் வாரக்கணக்கில் அவருக்குள் கிடந்தது. சியோங் எப்படி இருப்பான்? உயரமாக இருப்பான். வயிறு இருக்காது. மலையேறுகிறவனுக்கு எப்படி வயிறு இருக்கும்? அரைக்காற்சட்டை போட்டிருப்பான். போன புதன்கிழமை சாப்பிடும்போது அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "நானும் வரேன், மலைக்கு" என்றார். கரண்டி பாதி வழியில் நின்றது. "நீங்களா? எதுக்கு?" "ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு." "எந்த டாக்டரு?" "பொதுவா டாக்டருங்க." அவள் முகத்தில் அப்போது ஒன்று வந்து போனது, அது பயம்தான், அவர் கண்ணால் பார்த்தார், அலமாரியில் ஒளித்து வைத்த எதையோ யாரோ திறக்கப் போகிறார்கள் என்பதுபோல ஒரு பயம். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. அரைக்காற்சட்டை போட்ட சியோங் கனவில் வருவதற்குக்கூடத் தூக்கம் வேண்டுமல்லவா, அதனால் விழிப்பிலேயே வந்தான்.

பாதை கொஞ்சம் சமமான இடத்தில் விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஒரு மலாய்க்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். தனபாக்கியத்தைக் கண்டதும் கை தூக்கினார்கள். பின்னால் மூச்சிரைத்தபடி வந்த இவரைக் கண்டதும் அந்த மனிதர் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "அபாங் அர்ச்சுனன்?" என்றார். ஆமாம் என்றார் அர்ச்சுனன். அந்த மலாய்க்காரர் தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டி, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் கேட்பதுபோல அத்தனை அக்கறையாக, "வீக்கம் வற்றிவிட்டதா?" என்று மலாயில் கேட்டார். "வற்றிவிட்டது, நன்றி" என்று இவரும் மலாயில் பதில் சொல்லிவிட்டு நாலு எட்டு வைத்துவிட்டார். அலுவலகப் பழக்கம், கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவது. ஐந்தாவது எட்டில் கால் நின்றது. உதடா? எந்த உதடு? உதடு வீங்கியது எப்போதோ, புது அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போவதற்கு முதல் நாள், மீசைக்கு மை அடித்து, அது ஒத்துக்கொள்ளாமல், காலையில் மேலுதடு பூரிபோல உப்பி, இருந்தாலும் முன்பதிவு வீணாகக்கூடாது என்று அப்படியே போய்ப் படம் எடுத்து, இன்றுவரை அவர் சட்டைப்பையில் இருக்கும் அரசாங்க அட்டையில் அவர் வேறொரு ஆளாக, எதையோ ஊதப் போகிற ஆளாக இருக்கிறார். அது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர்.

"பாக்கியம்!" என்று கத்தினார். "என்னாங்க?" என்றாள் திரும்பாமல். "அவருக்கு என் பேரு எப்படித் தெரியும்?" "யாருக்கு?" "அந்த ஆரஞ்சுக்காரருக்கு." "மலையில எல்லாரும் பேசிக்குவாங்க லா. பாத்து வாங்க, அந்த வேரு வழுக்கும்." சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டாள். அவளுடைய காதுமடல் பின்னாலிருந்து பார்க்கும்போதே சிவந்திருந்தது, வெயில் இல்லாத காட்டில் காது எதற்குச் சிவக்கிறது.

பிறகு அவருக்கு எல்லாம் புரிய ஆரம்பித்தது, ஆனால் ஒரேயடியாகப் புரியவில்லை, ஏறுகிற மாதிரியே ஒவ்வொரு பாறையாகப் புரிந்தது. அந்தப் பெண் சிரித்தது ஜிப்புக்காக அல்ல. இந்த மலையில் அவர் இன்றைக்குத்தான் வருகிறார், ஆனால் அவருக்கு முன்பே ஓர் அர்ச்சுனன் இங்கே வந்து, ஞாயிறுதோறும் வந்து, எல்லோருக்கும் பழக்கமாகி, வீங்கின உதட்டோடு இந்தப் பாறைகளில் உட்கார்ந்து போயிருக்கிறான். அவனை முதுகில் சுமந்து கொண்டுவந்து இறக்கியவள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். இவளா? வீட்டில் "சாப்பாடு எடுத்து வச்சிட்டேன்", "கரண்ட் பில்லு வந்திருக்கு" என்பதைத் தாண்டிப் பேசாத இவளா? வேறு என்னென்ன சொல்லியிருப்பாள்? உடும்பைச் சொல்லியிருப்பாள். உடும்பைச் சொல்லாமல் இருக்கவே முடியாது, அவராக இருந்தாலும் சொல்லியிருப்பார். குளியலறைக்குள் உடும்பு வந்தபோது அவர் கழிவறைத் தொட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு, பக்கத்து அறையில் இருக்கும் மனைவியைக் கூப்பிடாமல், கையில் இருந்த தொலைபேசியில் பொம்பாவைக் கூப்பிட்டார், தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு வந்து தாமான் குடியிருப்பு முழுக்க வேடிக்கை பார்க்கக் கூடியது, அதோடு விட்டாரா, பூட்ஸ் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து, "சப்பாத்தைக் கழட்டிட்டு வாங்க, இப்பத்தான் கூட்டியிருக்கு" என்று கத்தினார். இதுவும் போயிருக்கும். வங்கியில் சங்கிலி கட்டி வைத்திருந்த பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே நடக்கப் பார்த்தது? போயிருக்கும். சம்பந்தி வீட்டில் அலங்காரத்துக்கு வைத்திருந்த மெழுகு மாம்பழத்தைக் கடித்தது, கடித்ததோடு நில்லாமல் மரியாதைக்காக விழுங்கியது? ஐயோ. போகட்டும், எல்லாம் போகட்டும், மாம்பழத்தை வைத்துக்கொள்ளுங்கள், உடும்பையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை?

அந்த இடத்தில் மனம் மாட்டிக்கொண்டது, கால் நடந்துகொண்டே இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு வந்த முதல் திங்கட்கிழமை. அவர் வழக்கம்போல எழுந்து, வழக்கம்போலக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்துப்பட்டையும் மாட்டி, காடியில் ஏறி, சாவியைப் போட்டு, போட்ட பிறகுதான் போக இடமில்லை என்பது தெரிந்தது. இறங்கியிருக்கலாம். இறங்க முடியவில்லை. வாசல் கொட்டகையிலேயே, பூட்டிய காடிக்குள், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு குழந்தைமாதிரி அழுதார், மூக்குச் சளி கழுத்துப்பட்டையில் விழ. தனபாக்கியம் வெளியே வந்தாள், பார்த்தாள், மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "பசாருக்குப் போய் மீன் வாங்கிட்டு வருவமா?" என்றாள். போனார்கள், கழுத்துப்பட்டையோடு போனார், மீன்காரன் "பாஸ், இன்னிக்கு என்னா விசேஷம்" என்றான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இப்போது, வேரைப் பிடித்து ஏறிக்கொண்டே, அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. சொல்கிறவள் கெட்டிக்காரியாக இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய சிரிப்பு. கழுத்துப்பட்டை கட்டி, ஓடாத காடியில், ஓட்டுகிற பாவனையில் ஒரு கிழவன். மீன்காரன் கேள்வி. யார்தான் சிரிக்கமாட்டார்கள்? ஆரஞ்சுக்காரர் அவ்வளவு அக்கறையாகக் கேட்டது உதட்டுக்காகத்தானா, இல்லை அதையும் தெரிந்துகொண்டு உதட்டோடு நிறுத்திக்கொண்டாரா? திரும்பிப் போய் அவர் முகத்தை இன்னொரு தடவை பார்க்கலாமா? இவ்வளவு தூரம் இறங்கி மறுபடி ஏறுவதா? மானம் பெரிதா, முட்டி பெரிதா என்று நின்று யோசித்ததில் முட்டி ஜெயித்தது.

காடு சட்டென்று விலகி வானம் வந்துவிட்டது. உச்சியில் ஒரு வெள்ளைப் பாறைத்தட்டு, அதன் விளிம்பில் இரும்புக் கம்பி, கம்பிக்கு அப்பால் ஈப்போ மொத்தமும் கவிழ்த்துக் கொட்டியதுபோலக் கிடந்தது, பழைய காலத்தில் ஈயம் தோண்டிய குட்டைகள் பச்சைப் பச்சையாக மின்ன, நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பாக ஊர, பக்கத்து மலை ஒன்று கல்லுடைக்கிறவர்கள் தின்றது போக மீதிப் பாதி வெள்ளைவெளேரென்று நிற்க. அவர் எதையும் பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். "வந்துட்டாரு! அண்ணன் வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு எழுந்த பெரிய உருவம் இந்திராணி என்று அவருக்கே தெரிந்தது. கை தட்டினார்கள். உண்மையாகவே கை தட்டினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குட்டை மனிதர் வந்தார், எழுபதைத் தாண்டியவர், இரண்டு முட்டியிலும் கட்டு, கழுத்தில் ஒரு பழைய துண்டு, வயிறு தாராளமாக. அர்ச்சுனனின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நான் சியோங்" என்றார். இவனா, இவரா. இவருக்காகவா புதன்கிழமை தூக்கம் போனது. சியோங் கையை விடாமல் மலாயில் சொன்னார்: "என் மனைவி படுத்த படுக்கை. மலையிலிருந்து நேராகப் போய் அவளுக்கு உங்களைச் சொல்லுவேன். உடும்பு வாரம் அவள் சிரித்ததில் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறு என்ன செய்வார் அந்த மனிதர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்." அர்ச்சுனன் மீசையைத் தடவிக்கொண்டார். "பார்த்துச் செய்கிறேன்" என்றார்.

"சரி சரி, உக்காருங்க அண்ணே," என்றாள் இந்திராணி. "பாக்கியம், இன்னிக்கு அண்ணன் முன்னாலயே சொல்லணும். காடி கதை சொல்லு." காடி கதை, காடி கதை என்று இரண்டு மூன்று குரல்கள். அர்ச்சுனனுக்குக் காது அடைத்தது. சொல்லியாகிவிட்டது. மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்மணி இவ்வளவு பாசமாக ஆரஞ்சு நீட்டுகிறாளே, இவளுக்கும் தெரியும். கம்பிக்கு அப்பால் எட்டிப் பார்த்தார், ரொம்ப ஆழம், அவ்வளவு ஆழம் தேவையில்லை, பாதி போதும். தனபாக்கியம் அவரைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வையா, மன்னிப்புக் கேட்கிற பார்வையா, இத்தனை வருஷம் கூட இருந்தும் அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கமாக ஆட்டினார் என்று அவருக்கே நிச்சயமில்லை.

அவள் எழுந்து நின்றாள். "அன்னிக்கு இவரு காடிக்குள்ள உக்காந்திருக்காரு," என்று ஆரம்பித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல சட்டை. கழுத்துப்பட்டை." போச்சு. "சன்னல் எல்லாத்தையும் ஏத்திவிட்டிருக்கு. ஆளு அசையல." போச்சு, போச்சு. "நான் போய் கண்ணாடியத் தட்டுறேன், திரும்பிப் பாக்குறாரு, பாத்தா, மூக்குல துணி மாட்டுற கிளிப்பு!"

கண்ணைத் திறந்தார். டுரியான். கடவுளே, இது டுரியான் கதை. சர்க்கரைக்கு டாக்டர் தடுத்திருந்தபோது தெரியாமல் வாங்கி, இருக்கைக்கு அடியில் ஒளித்து, ஒளித்ததை மறந்து, அது உருண்டு உள்ளே போய்ச் செத்து, நாற்றத்துக்குச் சாக்கடைமீது பழியைப் போட்டு, கடைசியில் நில அதிகாரியையே அந்தக் காடியில் ஏற்றிக்கொண்டு போன கதை. அவருக்கு அழலாம்போல ஆனந்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்தார், பார்த்தார் என்றால், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு பார்த்தார். அவள் கை காடி ஓட்டியது. அவள் கழுத்து அதிகாரியின் கழுத்தாக நீண்டு முகர்ந்தது. பிறகு நெஞ்சைக் கொஞ்சம் தூக்கி, வயிற்றை இழுத்து, மூக்கடைத்த குரலில், "பொதுவா இந்த ரோட்டுல ஒரு வாடை இருக்கும் துவான்" என்றாள், அது அவர்தான், அச்சு அசலாக அவர்தான், அந்தப் 'பொதுவா'வைத் தான் அப்படி இழுக்கிறோம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. பாறை முழுக்கச் சிரிப்பு உருண்டது. இருபது முப்பது குழந்தைகளை இப்படித்தானே தினமும் தரையில் உட்கார வைத்துக் கதையால் கட்டிப்போட்டிருப்பாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து மீதியைச் சொல்ல வாயைத் திறந்திருப்பாள், எதிரே ஒரு பத்திரிகை விரிந்திருக்கும், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து "ம்" என்று வரும். அந்த "ம்"மைச் சொன்னவர் ஆரஞ்சுச் சுளையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அதிகாரி கேக்குறாரு," என்றாள் தனபாக்கியம், "'அர்ச்சுனன், உள்ள ஏதாவது செத்துப்போச்சா?'"

"இல்ல," என்றார் அர்ச்சுனன். எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கே தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று ஆச்சரியமாக இருந்தது. "அவரு அப்படிக் கேக்கல. 'செத்தது யாரு?'ன்னு கேட்டாரு. தொப்பியக் கழட்டி மடியில வச்சிக்கிட்டு, மெதுவா, 'யாரு?'ன்னு."

இந்திராணி பாறையில் அடித்துச் சிரித்தாள், சியோங் துண்டால் கண்ணைத் துடைத்தார். தனபாக்கியம் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், சந்தையில் தெரிந்த காய்க்குள் தெரியாத விதையைக் கண்டவள்போல. "இத நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லயே," என்றாள்.

இறங்கும்போது அவர்கள் கடைசியில் வந்தார்கள். ஏறும்போது மூச்சுத்தான் போனது, இறங்கும்போது தொடை ஆடியது, ஒவ்வொரு பாறையிலும் பக்கவாட்டில் நண்டுமாதிரி காலை வைத்து வந்தார். மற்றவர்களின் பேச்சுச் சத்தம் மரங்களுக்குக் கீழே போய் அமுங்கியது. அவருக்குக் கேட்டுவிட வேண்டும், கேட்டால் சொல்லிவிட்டேன் என்பாளோ என்று பயம், கேட்காவிட்டால் அடுத்த ஞாயிறுவரை இது உள்ளே கிடந்து அரிக்கும். "எல்லாத்தையும் சொல்லிட்டியா?" என்றார். "எல்லாத்தையும்னா?" "எல்லாத்தையும்." அவள் ஒரு மரத்தைப் பிடித்து நின்றாள். ஏதோ பூச்சி விடாமல் ரம்பம் போட்டுக்கொண்டிருந்தது.

"அந்தத் திங்கக்கெழமையச் சொல்லல," என்றாள். "ஒரு தடவை ஆரம்பிச்சேன். வரல. வேற ஒண்ண சொல்லிட்டேன்."

அவர் தலையாட்டினார். நன்றி என்று சொல்லலாம், ஆனால் மனைவியிடம் நன்றி என்பது அவர் வாயில் பழக்கமில்லாத வார்த்தை, மலாயில் என்றால் வந்துவிடும். "மத்தியானம் சாப்புடறப்ப," என்று ஆரம்பித்து, "அந்த உதட்டுக் கதை எப்படிச் சொன்னேன்னு எனக்குச் சொல்லிக் காட்டு," என்றார். "பேப்பர் படிப்பீங்களே," என்றாள். "படிக்கல."

சரிவு வந்தது. மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி வழுவழுப்பாக்கிய வெள்ளைப் பாறை, இரண்டு ஆள் உயரம், ஓரத்தில் ஒரு கயிறு. தனபாக்கியம் மேலேயே நின்று, நீங்க முதல்ல என்று கை காட்டினாள். அவர் கயிற்றைப் பார்த்தார், தன் தொடையைப் பார்த்தார், நின்றபடி இறங்குவது நடக்காத காரியம் என்று தெரிந்தது. உட்கார்ந்தார். உட்கார்ந்த நிலையில் கொஞ்சம் கொஞ்சமாக நகரலாம் என்பது திட்டம், பாறைக்கு வேறு திட்டம் இருந்தது, "ஐயய்யய்யோ" என்று ஒரே ஓட்டமாக வழுக்கிக் கீழே இலைக் குவியலில் போய் உட்கார்ந்தார். வழியில் எங்கேயோ சர்ரென்று ஒரு சத்தம். காட்டில் பூச்சிகூட ரம்பத்தை நிறுத்திவிட்டது. அடி ஒன்றும் இல்லை. பின்பக்கம் மட்டும் சில்லென்று காற்று வந்தது.

மேலே தனபாக்கியம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. ஆனால் கண்கள் சிரிக்கவில்லை, அவை கவனமாக அவரை, பாறையை, இலைக் குவியலை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தன.

"எந்தப் பக்கம் கிழிஞ்சிச்சு?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

அவர் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். இடது பக்கம் மட்டும்தான். கொஞ்சம் யோசித்தார். சியோங் வீட்டில் படுத்திருக்கும் அந்த அம்மாவையும் யோசித்தார்.

"ரெண்டு பக்கமும்னு சொல்லிக்க," என்றார்.